பித்தளைக் கூடும் மூன்று கிராம் மருந்தும்

வட அமெரிக்காவில் பேரேரிகளால் சூழப்பெற்ற மிச்சிகன் மாகாணத்தில், நவம்பர் 15-ஆம் தேதி, கிழமை எதுவாயிருப்பினும் தேதி மாறாமல், துப்பாக்கி கொண்டு வெண்வால் மானை வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அன்றைய தினம் அம்மாகாணத்தின் வடபகுதியிலுள்ள பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு விடுமுறை விடுவது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானின் மீது துப்பாக்கியை நீட்டுவதே குற்றம் ஆகிவிட்டபடியால், வேட்டை என்பதை ஊரார் அனைவரும் கூடிக் கொண்டாடும் ஒரு பருவகாலச் சடங்காகக் காண்பது தமிழ் வாசகருக்குச் சற்று விசித்திரமாகவே தோன்றக்கூடும். அதன் தர்மாதர்மங்களை ஆராய்வது என் நோக்கமன்று. அந்த வேட்டைக்காரர்களுள் ஒரு பகுதியினர், கடையிற் சென்று தோட்டாப் பெட்டியை விலை கொடுத்து வாங்காமல், வீட்டின் நிலவறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, முன்பு சுட்டு வெறுமையான பித்தளைக் கூடுகளில் தம் கையாலேயே மறுபடியும் மருந்து கெட்டித்துத் தோட்டா தயாரிக்கிறார்கள். பார்வைக்குச் சிக்கன முயற்சியாகவோ, பொழுதுபோக்காகவோ தோன்றும் அந்தக் காரியத்துக்குள் உலோக சாஸ்திரமும் ரசாயனமும் இயந்திர சாஸ்திரமும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கின்றன என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அமெரிக்க மான் வேட்டையில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் செல்வாக்குக் குன்றாத தோட்டா ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1906-ஆம் ஆண்டில் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்டமையால் 'தெர்ட்டி-ஆட்-சிக்ஸ்' என்று அழைக்கப்படும் அத்தோட்டாவின் கூடு ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அதன் வாயிற் பொருத்தப்படும் குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மான் வேட்டைக்குப் பெரிதும் விரும்பப்படும் குண்டின் எடை 10 கிராமுக்கும் சிறிது குறைவு. அதைத் தள்ளிச் செல்லும் மருந்தோ சுமார் 3 கிராம்தான். குதிரையை இழுத்ததும் ஊசி வந்து அடியிலுள்ள பிரைமர் என்னும் சிறு கிண்ணத்தைக் குத்த, அதிலிருந்து கிளம்பும் சுவாலை மருந்தைப் பற்றவைக்க, மருந்து எரிந்து உண்டாகும் வாயு, வெளியிலுள்ள காற்றழுத்தத்தைப் போல் 4,000 மடங்கை எட்டக்கூடிய அழுத்தத்தோடு குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் எழுந்து, உச்சத்தை அடைந்து, தணிந்து, குண்டு குழலின் நுனியை விட்டு விநாடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர் வேகத்தில் வெளியேறுவது வரையிலான இத்தனை நிகழ்ச்சிகளும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு, காலத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. மருந்தில் அடங்கியிருந்த சக்தியில் மூன்றிலொரு பங்கு அளவே குண்டுக்குப் போய்ச் சேர்கிறது. எஞ்சியது உஷ்ணமாகவும் ஓசையாகவும் விரயமாகிறது.

இந்த நான்கு உறுப்புகளுள் பிரைமர் ஒருமுறை வெடித்தால் தீர்ந்தது. மருந்து வாயுவாகி மறைந்தது. குண்டு போனது போனதுதான். வேட்டைக்காரரின் காலடியில் சூடு ஆறாமல் வந்து விழுவது பித்தளைக் கூடு ஒன்றே. தோட்டாவின் விலையில் பெரும்பகுதியும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆகையால் வீட்டில் தோட்டா கெட்டிப்பவரின் வித்தை முழுவதையும், மருந்தை அளந்து போடும் வித்தை என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அது பித்தளையைப் பராமரிக்கும் வித்தையே என்பது என் அபிப்பிராயம்.

சுட்ட கூட்டை மறுபடியும் உபயோகிக்கலாமா கூடாதா என்பதை நிர்ணயித்தது ஒரு சிறு துவாரம். 1860-களில், ஒருவருக்கொருவர் தொடர்பின்றி, இரண்டு கர்னல்கள் இரண்டு விதமான பிரைமர் அமைப்புகளைக் கண்டுபிடித்தார்கள். ஊசியின் அடியைத் தாங்கி, வெடிக்கும் பசையை நசுக்குவதற்கு ஒரு பட்டறைமுனை வேண்டுமல்லவா? அந்த முனையை இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதசாலையைச் சேர்ந்த எட்வர்ட் பாக்ஸர் பிரைமருக்குள்ளேயே வைத்துவிட்டார்; அதனால் கூட்டின் அடியில் நட்ட நடுவே ஒரே ஒரு துவாரம் போதுமானதாயிற்று. அமெரிக்கரான ஹைரம் பெர்டனோ அம்முனையைக் கூட்டின் அடியிலேயே ஓர் அங்கமாக்கிவிட்டபடியால், சுவாலை செல்வதற்கு அதன் இரு பக்கங்களிலும் துவாரங்கள் இட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயரின் அமைப்பை அமெரிக்காவும், அமெரிக்கரின் அமைப்பை ஐரோப்பாவும் தழுவிக்கொண்டன. நடுவே துவாரமுள்ள கூட்டில் மேலிருந்து ஓர் எஃகு முள்ளைச் செலுத்தினால் செத்த பிரைமர் கீழே உதிர்ந்துவிடும். பெர்டன் கூட்டிலோ முள் பட்டறைமுனையின் மேல் முட்டி நிற்கும். பாக்ஸர் அமைப்பு அமெரிக்காவில் வேரூன்றாமற் போயிருந்தால், 1884-இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் தொடங்கிய 'ஐடியல்' கம்பெனியின் கைக்கருவிகளும், குறடு போன்ற அந்த ஒரே கருவியைப் பையிற் போட்டுக்கொண்டு ரயிலும் கடையும் எட்டாத மேற்குப் பிரதேசங்களில் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே செய்துகொண்ட வேட்டைக்காரர்களும் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்க மாட்டார்கள்.

இனிப் பித்தளைக்கு வருவோம். தோட்டாக் கூட்டுக்கென்று வழங்கும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் உண்டு. மருந்து எரியத் தொடங்கிய கணத்தில் கூட்டின் மெல்லிய கழுத்தும் உடலும் நாற்புறமும் விரிந்து, துப்பாக்கியின் பின்னறைச் சுவரோடு இறுக ஒட்டிக்கொண்டு, வாயுவைப் பின்பக்கமாகக் கசிய விடாமல் அடைத்துவிடுகின்றன. சுடுபவரின் கண்ணும் முகமும் அந்த அடைப்பை நம்பியே இருக்கின்றன. அழுத்தம் தணிந்ததும் அதே கூடு ஒரு மயிரிழை சுருங்கிச் சுவரை விட்டு விலகினாலன்றிப் பின்னறையிலிருந்து அதை வெளியே இழுக்க முடியாது. விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும் என்னும் இந்த இரட்டை நிர்ப்பந்தத்துக்குப் பித்தளை இணங்குவதுபோல் சாதாரண இரும்பு இணங்குவதில்லை. ஓர் உலோகம் விரிந்த பின் எவ்வளவு மீளும் என்பது அதன் பலத்தையும் விறைப்பையும் பொறுத்தது: பலம் மிகுந்து, விறைப்புக் குறைந்திருந்தால் மீட்சி அதிகம். அடித்தும் இழுத்தும் கடினப்படுத்திய பித்தளைக்கு மெல்லெஃகுக்குக் குறையாத பலமும், எஃகின் விறைப்பில் பாதியளவு விறைப்புமே இருக்கின்றபடியால் அதன் மீட்சி அதிகமாகிறது. யுத்தகாலத் தாமிரப் பஞ்சத்தினால் எஃகுக் கூடுகளைச் செய்த தேசங்கள், அவை துப்பாக்கியில் சிக்கிக்கொள்ளாதிருக்க வார்னிஷைப் போன்ற மேற்பூச்சுகளை நாடியதும் இதனால்தான்.

சுட்ட கூடு மீண்டாலும் பழைய அளவுக்கு முழுவதும் மீள்வதில்லை. அதை எஃகு அச்சொன்றில் நெம்புகோலின் துணையால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே புதிய குண்டைக் கழுத்து கவ்விப் பிடிக்கும். இப்படிச் சுடும்போது விரிவதும் அச்சில் சுருங்குவதுமாக, ஒவ்வொரு சுற்றிலும் கழுத்திலுள்ள பித்தளை மேலும் மேலும் கடினமாகிறது. உலோகம் என்பது படிகங்களின் கூட்டம். அப்படிகங்களுக்குள் அணுக்களின் வரிசை பிசகிய இடங்கள் இழுக்குந்தோறும் பெருகி, ஒன்றையொன்று தடுத்து நிறுத்தி, கடைசியில் உலோகம் இணங்கிக் கொடுக்கும் தன்மையை இழக்கும்படி செய்துவிடுகின்றன. சில முறை சுட்ட கூட்டின் வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், விளிம்பிலிருந்து கீழ்நோக்கித் தலைமயிர் போல ஒரு பிளவு இறங்கியிருப்பதைக் காணலாம். அதற்குப் பரிகாரம் நெருப்பு. கழுத்தை மட்டும் சுவாலையில் சில விநாடிகள் காட்டினால் பழைய படிகங்கள் கலைந்து புதிய படிகங்கள் உருவாகி, பித்தளை மறுபடியும் மென்மை அடைகிறது. ஆனால் அடிப்பாகம் மென்மையடைந்துவிட்டால் அழுத்தத்தைத் தாங்கும் கடினம் போய், கூடு வெடிகுண்டுக்கு ஒப்பாகிவிடும் என்பதனால், முன்னாளைய வழக்கப்படி கூடுகளைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் பாதி உயரம் முழுக நிறுத்திவைத்தே கழுத்தைக் காய்ச்சினார்கள். ராணுவத் தோட்டாக்களின் தோளையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தால் நீலமும் செம்மையும் கலந்த ஒரு நிழல் படர்ந்திருக்கும். அது அழுக்கன்று, இக்கூடு முறைப்படி காய்ச்சப்பட்டது என்பதற்கு அத்தாட்சியாகத் துடைக்காமல் விடப்பட்ட நெருப்பின் சுவடு.

இந்தக் காய்ச்சும் வேலையின் அருமையை உலகம் உணர்ந்ததற்கு நம் தேசத்து மழைக்காலமும் ஒரு காரணமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய ராணுவத்தினர், மழை பெய்யும் மாதங்களில் படையெடுப்புக்கு இடமில்லாமையால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்தார்களாம். மழை விட்டு எடுத்துப் பார்க்கையில், யாரும் தொடாமலே, சுடாமலே, கூடுகள் பிளந்து கிடந்தன. பருவத்தோடு வந்தமையால் 'பருவப் பிளவு' என்று இதற்குப் பெயர் வைத்தார்களேயொழியக் காரணம் விளங்கவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இந்தப் புதிரை விடுவித்தார்கள். கூட்டை அச்சில் இழுத்து நீட்டிய காலத்திலேயே உலோகத்துக்குள் அடைபட்டுப்போன இறுக்கம் ஒருபுறமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்து ஈரக்காற்றில் கலந்த அம்மோனியா மறுபுறமும் சேர்ந்தபோதுதான் பிளவு உண்டாகிறது. அம்மோனியா படிகங்களின் ஓரங்களிலுள்ள தாமிரத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே நுழைய, அடைபட்ட இறுக்கம் அந்த வழியைப் பிளந்து அகலப்படுத்துகிறது. இரண்டிலொன்று இல்லையென்றாலும் பித்தளைக்குக் கேடில்லை. ஆதலால் மிதமான சூட்டில் காய்ச்சி இறுக்கத்தைப் போக்கிவிடுவதே பரிகாரம் என்று முடிவாயிற்று. இன்றைக்கும் வீட்டில் தோட்டா கெட்டிப்போர், பித்தளைப் பாத்திரங்களைப் பளபளக்கச் செய்வதற்கென்று கடையில் விற்கும் அம்மோனியா கலந்த திராவகங்களைத் தங்கள் கூடுகளின் அருகே கொண்டுவருவதில்லை.

கழுத்துப் பிளவாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வியாதி ஒன்று கூட்டின் அடியருகே வளர்கிறது. சுடும் கணத்தில் கூட்டின் மெல்லிய முன்பாகம் அறைச் சுவரைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்க, தடித்த அடிப்பாகம் மட்டும் அழுத்தத்தினால் பின்னோக்கித் தள்ளப்படுவதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பித்தளை நீண்டு மெலிகிறது. அச்சில் தோளை வேண்டியதற்கு மேல் அழுத்திப் பின்தள்ளிவிடுபவர் இந்த நீட்சியை ஒவ்வொரு முறையும் தாமே வரவழைத்துக்கொள்கிறார். பல முறை இப்படி நேர்ந்த பின் ஒருநாள் கூடு அவ்விடத்தில் இரண்டாக அறுந்துபோய், கொடிய சூடுள்ள வாயு பின்பக்கமாகப் பீறிடும். முன்னெச்சரிக்கையாக வெளியே ஒரு வெளிறிய வளையம் சில சமயங்களில் தோன்றும். ஆனால் அதை நம்பியிராமல், அனுபவசாலிகள் ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கூர்மையாக்கி, சிறிது வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரைத் தடவிக்கொண்டே வருகிறார்கள். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் ஒரு பள்ளத்தில் 'டிக்'கென்று தடுக்கும். தடுக்கினால் அந்தக் கூட்டைக் குறட்டினால் நசுக்கிப் பழைய உலோகக் கூடையில் எறிந்துவிட வேண்டியதுதான்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த பழைய கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சிப் புகையாகவும் கசடாகவும் போய்விடும். பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி உண்டாக்கும் நைட்ரோசெல்லுலோஸ், கசடின்றி ஏறக்குறைய முற்றும் வாயுவாக மாறிவிடும் என்றாலும், அது கட்டுக்கடங்காமல் வெடித்ததால் நாற்பது ஆண்டுக் காலம் துப்பாக்கிக்கு உதவவில்லை. 1884-இல் பிரெஞ்சு ரசாயனியான பால் வியேல் என்பவர் அதைக் கரைப்பானில் ஊறவைத்துக் களியாக்கி, தகடாகத் தேய்த்து, உலர்த்தித் துண்டுகளாக்கினார். நார்நாராக இருந்தபோது நெருப்பு உள்ளெல்லாம் புகுந்தது. களியாகி இறுகிய பிறகு மேற்பரப்பிலிருந்து மட்டும், அடுக்கடுக்காக, ஒழுங்காக எரியத் தொடங்கிற்று. புகையற்ற மருந்து இப்படிப் பிறந்தது.

பிரிட்டிஷார் 1889-இல் ஏபெல், திவார் என்னும் இரு விஞ்ஞானிகளின் முயற்சியால் கார்டைட் என்னும் தங்கள் மருந்தை உருவாக்கிக்கொண்டார்கள். குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில் வழியில் அரவங்காடு என்ற நிலையத்தைக் கடந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மருந்துக்கென்றே அங்கு ஏற்பட்ட தொழிற்சாலையை அறிந்திருப்பார்கள். கார்டைட் மணிமணியாக இருப்பதில்லை. சேமியாவைப் போல் நீண்ட இழைகளாக இருக்கும். அந்த இழைக் கட்டைக் குறுகிய கழுத்தின் வழியாக உள்ளே செலுத்த இயலாதாகையால், பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவில், கூடு நேர்க்குழாயாக இருக்கும்போதே மருந்தை வைத்து, அதன் பிறகே கழுத்தைக் குறுக்கினார்கள். கூட்டின் அடியிலோ பெர்டன் பிரைமர். இவ்விரண்டினாலும் அந்தத் தோட்டா வீட்டு மேஜையில் மறுபிறவி எடுப்பதற்குரிய லட்சணம் சிறிதுமற்றதாக இருந்தது. அமெரிக்க மருந்தோ மணிமணியானது. புனலில் இட்டால் கழுத்தின் வழியே தானாக இறங்கும்.

புகையற்ற மருந்தைப் பற்றி நினைவில் வைக்க வேண்டிய விதி, வியேல் கண்டதுதான்: அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். திறந்த தட்டில் கொட்டித் தீ வைத்தால் மஞ்சள் சுவாலையோடு சாவதானமாக எரிந்து அடங்கும் அதே மருந்து, கூட்டுக்குள் அடைபட்டால் எரிவதனால் அழுத்தம், அழுத்தத்தினால் மேலும் எரிவு என்று தன்னைத்தானே தூண்டிக்கொள்கிறது. இந்தச் சுழற்சியை அடக்கி ஆள்வதற்கு மருந்து செய்வோர் கண்ட உபாயம் மணியின் வடிவம். துளையில்லாத உருளை மணி எரிந்தால் அதன் பரப்பு வரவரச் சுருங்கும். ஆகவே ஆரம்பத்தில் வாயு வெள்ளமாகக் கிளம்பி, குண்டு வேகம் பிடித்து முன்னே இடம் விசாலமாகும் சமயத்தில் வற்றிவிடும். நடுவே ஒரு துளையிட்டாலோ, வெளிப்பரப்பு சுருங்கும் அளவுக்கு உட்பரப்பு விரிவதனால், எரிபரப்பு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பீரங்கி மருந்தின் பெரிய மணிகளில் ஏழு துளைகள் இட்டு, எரிய எரியப் பரப்பு பெருகும்படியே செய்துவிடுகிறார்கள். மான் வேட்டைத் துப்பாக்கிக்கான மருந்தில் ஒரு துளையோடு நிறுத்தி, மணியின் மேல்தோலில் எரிவைத் தாமதப்படுத்தும் ரசாயனமொன்றைப் பூசி, மணிகள் தடையின்றி வழுக்கி ஓடுவதற்கும் மின்சாரம் தேங்காமைக்கும் பென்சில் கரியால் மெருகிடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கடுகினும் சிறிய கருஞ்சாம்பல் நிறத் துண்டுகள்; அவற்றின் நடுவே ஊசி நுனி அளவு துவாரம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்க அரசாங்கத்தின் கிடங்குகளில் 4895 என்ற எண்ணுள்ள மருந்து மலையாகத் தேங்கிவிட, கன்சாஸ் மாகாணத்தில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார்; வீட்டில் தோட்டா கெட்டிக்கும் பழக்கம் குடியானவர் வரைக்கும் பரவியதற்கு இந்த மலிவு மருந்து முக்கியமான காரணம்.

அளவு என்று வரும்போதுதான் இந்த வித்தையின் கண்டிப்பு தெரிகிறது. மருந்தையும் குண்டையும் நிறுக்க அங்கே வழங்கும் அலகு கிரெயின். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் நம் பொற்கொல்லரின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. தோட்டா கெட்டிப்பவரின் தராசு அந்தக் கிரெயினில் பத்திலொரு பங்கு வரை பேசும். எவ்வளவு மருந்து என்பதை அவர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. மருந்துக் கம்பெனிகள் அழுத்தமானி பொருத்திய குழல்களில் சுட்டுப் பார்த்து, இன்ன கூட்டுக்கு, இன்ன குண்டுக்கு, இன்ன மருந்தில் ஆரம்ப அளவு இது, தாண்டக்கூடாத உச்ச அளவு இது என்று அச்சிட்டு வெளியிடுகின்றன. ஆரம்ப அளவிலிருந்து படிப்படியாக ஏறுவதே ஆசாரம். ஏனெனில் அதிக அழுத்தத்துக்கு வீட்டிலிருப்பவருக்குக் கிடைக்கும் அறிகுறிகள், அதாவது பிரைமரின் வட்டமான விளிம்பு தட்டையாவது, கூட்டின் அடியில், பின்னறையை அடைக்கும் தாழின் அடையாளம் பதிவது, தாழைத் திறக்கக் கை வலிப்பது முதலியவை, ஆபத்தின் வாசலில் அல்ல, ஆபத்தின் கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் தலைகாட்டுகின்றன. ஒரே அளவு மருந்தேயானாலும், குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக அமர்த்தினால் உள்ளிடம் குறைகிறது. வெளியே நீட்டி, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகளைத் தொடும்படி அமர்த்தினால் குண்டு கிளம்பும்போதே தடைப்படுகிறது. இரண்டிலும் அழுத்தம் ஏறும். அளவு குறைந்தால் அபாயமில்லை என்று நினைப்பதும் தவறு. மெதுவாக எரியும் மருந்தை நியமித்ததற்கு வெகுவாகக் குறைத்துப் பெரிய கூட்டில் இட்டதால் துப்பாக்கி சிதறிய சம்பவங்கள் உண்டு. ஆகையால் கைநூல்கள் அதையும் தடுத்தே எழுதுகின்றன.

இவ்வளவு சிரத்தையால் கிடைக்கும் லாபம் என்ன? மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பிரதேசம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுள்ளது. மிச்சிகன் காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குட்பட்ட தூரத்திலேயே சுடப்படுகிறது. அத்தூரத்தில், கடையில் வாங்கும் சாதாரணத் தோட்டாவே 5 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் போய்ச் சேரும். ஆகவே, மான் வேட்டைக்கு இந்த நுட்பம் அவசியம் என்று சொல்பவர் தம் ஆசைக்கு நியாயம் தேடுகிறார் என்றே கொள்ள வேண்டும். கடையில் கிடைக்காத பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா வேண்டுமென்பதும், பிள்ளைகளின் தோளுக்கு ஏற்றபடி உதைப்புக் குறைந்த தோட்டா வேண்டுமென்பதும் மெய்யான காரணங்கள். மற்றபடி, குழலின் ஒவ்வொரு 25 சென்டிமீட்டருக்கும் ஒரு சுற்று என்ற கணக்கில் அமைந்த புரிகளால் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 3,500 தடவை சுழன்றுகொண்டு வெளிவருவதும், அதே கணத்தில் குழல் முழுவதும் வீணைத்தந்தியின் கதியில் அதிர்ந்துகொண்டிருப்பதும், அந்த அதிர்வின் எந்தக் கட்டத்தில் குண்டு நுனியை விட்டுப் பிரிகிறது என்பதும் தோட்டாவுக்குத் தோட்டா ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற வேட்கை, வேட்டைக்காரருக்குள் ஒளிந்திருக்கும் விஞ்ஞானியின் வேட்கையே. அவர் தேடுவது அதிக வேகம் அன்று, ஒரே வேகம்.

குண்டின் கதை தனி. 1946-இல் ஜான் நோஸ்லர் என்னும் வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டபோது, வேகம் மிகுந்த அவருடைய குண்டுகள் தோலிலும் தசையிலும் பட்டவுடனேயே சிதறிவிட்டன. அந்த ஏமாற்றத்திலிருந்து, நடுவே தாமிரத் தடுப்புச் சுவரும் அதன் இருபுறமும் ஈயமும் உள்ள ஒரு குண்டை அவர் ஆக்கினார்: முன்பாதி காளானாக மலர்ந்து புண்ணை அகலப்படுத்தும்; பின்பாதி தடுப்பின் துணையால் உருக்குலையாமல் ஆழச் செல்லும். விலங்கு நெடுநேரம் துன்புறாமல் விழ வேண்டும் என்பதே இவ்வேலைப்பாடு அத்தனைக்கும் நோக்கம்.

ஈயத்துக்கு வேறொரு தோஷம் உண்டு. அதிவேகமாகச் செல்லும் குண்டிலிருந்து பொடிப்பொடியாக உதிரும் ஈயம், வேட்டைக்காரர் காட்டில் விட்டுச்செல்லும் குடலோடு தங்கிவிட, அதைத் தின்னும் பறவைகளின் இரத்தத்தில் விஷமாக ஏறுகிறது. 1982-இல் உலகம் முழுவதிலும் 22 பறவைகளாகக் குறைந்துபோன கலிபோர்னியக் காண்டார் கழுகுக்கு ஈயமே பெரிய சத்துரு என்று நிரூபணமான பிறகு, கலிபோர்னியா மாகாணம் 2013-இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டை அறவே விலக்கிவிட்டது. அதற்குப் பதிலாக முழுத் தாமிரக் குண்டு வந்தது. தாமிரம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் தாமிரத்தினது 9-க்கும் சற்றுக் குறைவு. எனவே, அதே எடையுள்ள குண்டு தாமிரத்தில் நீளமாகிறது. நீளமான குண்டு கூட்டுக்குள் அதிகமாக நுழைந்து மருந்தின் இடத்தைப் பறிக்கிறது. குழலின் புரி அதை நிலைப்படுத்தப் போதாமலும் போகலாம். தம் பழைய ரைபிளின் புரியை மாற்ற முடியாத வேட்டைக்காரர், இதுகாறும் 180 கிரெயின் ஈயக் குண்டை உபயோகித்தவரானால், 150 கிரெயின் தாமிரக் குண்டுக்கு இறங்கிவிடுகிறார். பழைய கணக்கைக் கிழித்தெறிந்துவிட்டு, கைநூலில் தாமிரக் குண்டுக்கென்று அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, ஆரம்ப அளவிலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்குகிறார்.